முயலோடு கோழித்தீன் மூட்டையை இறக்காதீர்கள்

இலங்கையின் வன்னியில் வாழ்வாதார உதவியாக முயல் வழங்கும் அமைப்புகளுக்கும், எங்கள் ஊர்களில் தீன் விற்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் விசுவமடுப் பக்கம் ஆறு வருடமாக முயல் வளர்க்கிறேன். தொடக்கத்தில் உங்களைப் போன்ற ஓர் அமைப்புத்தான் எனக்கு நான்கு பெண் முயலும் ஓர் ஆண் முயலும் கூடும் தந்தது. கூட்டோடு ஒரு மூட்டை புறொயிலர் கோழித்தீனும் இறக்கினார்கள். "முயல் தீன் இஞ்சை எடுக்கேலாது, இதையே வையுங்கோ, கெதியா நிறை வைக்கும்" என்றார் கொண்டுவந்த தம்பி. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் நாள் ஒரு முயல் தின்பதை நிறுத்தியது. மறுநாள் அதன் பின்னங்கால்கள் இழுபட்டன. தலையைத் தூக்க முடியாமல் தாடையைத் தரையில் வைத்தபடி கிடந்தது. ஒரு கிழமைக்குள் ஐந்தில் நான்கு போய்விட்டன. என் சின்ன மகள் ஐந்துக்கும் பெயர் வைத்திருந்தாள்.

மிருக வைத்தியர் முதலில் கேட்டதே "என்ன தீன் வைத்தீர்கள்?" என்பதுதான். மூட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் தைத்திருந்த துண்டில், ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில், சலினோமைசின் என்று இருந்தது. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்கத் தீனிலேயே கலந்து விடுகிற மருந்து அது. மொனென்சின், நராசின், மதுராமைசின் எல்லாம் அதே இனம். கோழிக்குக் காவலாக இருக்கும் அளவே முயலின் தசையையும் இதயத்தையும் கெடுத்துவிடும். குதிரையும் இதைத் தாங்காது. உடம்பில் ஏறிவிட்டால் முறிக்க மருந்து கிடையாது.

எல்லாக் கோழித்தீனிலும் இந்த மருந்து இருப்பதில்லை, உண்மை. ஆனால் மருந்தில்லாத கோழித்தீனும் முயலுக்கு உணவல்ல. அதில் மாச்சத்து அதிகம், நார் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். முயலுக்கு அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். முயல் தின்றதை நொதிக்க வைப்பது அதன் பெரிய குருட்டுக்குடல். அங்கே வாழும் நல்ல கிருமிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. நார் குறைந்து மாச்சத்து கூடினால் அந்தக் கிருமிகளின் இடத்தைக் கெட்டவை பிடித்துவிடும். வயிறு ஊதும், கழிச்சல் வரும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அரைத்துத் தேய்க்கப் புல் வேண்டும். வீட்டில் செல்லமாக வளர்க்கும் பிள்ளைகள் பாணும் பிஸ்கற்றும் கொடுப்பதும் இதனால்தான் கூடாது. கரட்கூட ஒரு சின்னத் துண்டோடு போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிச்சல் என்றதும் வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கரைத்துப் பருக்கியவர்களை எனக்குத் தெரியும். வாயால் கொடுக்கும் அமொக்சிசிலினும் லின்கோமைசினும் அந்த நல்ல கிருமிகளைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும். தயவுசெய்து உங்கள் பயிற்சியில் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

சரி, அப்படியென்றால் எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு வன்னியில் பதில் இல்லை என்று நினைத்துத்தான் மூட்டையை இறக்குகிறீர்கள். பதில் எங்கள் வயலில் கிடக்கிறது. உழுந்து பிடுங்கி அடித்த பிறகு கொடியை என்ன செய்கிறோம்? குவித்துக் கொளுத்துகிறோம், அல்லது மாடு மேய விடுகிறோம். பயற்றங்கொடியும் கௌபிக் கொடியும் அப்படித்தான். நார் நிறைந்த, புரதமும் உள்ள காய்ந்த தீன் அது. நன்றாகக் காயவைத்து, மழை படாமல் பரணில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கடைசியாகப் பூச்சிமருந்து அடித்து எத்தனை நாள் என்று மட்டும் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். இதோடு கினிப்புல், கோ-3 புல், அறுகு, வற்றாளைக் கொடி, முருங்கைக் குழை, முள்முருக்கங் குழை. மாரியில் வெட்டிய புல்லைக் குவித்து வைக்காமல் பரவி விடுங்கள். ஈரப்புல் குவியலுக்குள் சூடேறிப் புளித்தால் அதுவே வயிற்றைக் கெடுக்கும். களைநாசினி அடித்த வரம்புப் புல்லை எந்தக் காலத்திலும் தொட வேண்டாம்.

ஆட்டுக்கு ஒடிக்கிற குழை எல்லாம் முயலுக்கும் ஆகும் என்று நினைக்கிறோம். இப்பிலிப்பில் மரத்துக் குழையை ஆடு மாடு விரும்பித் தின்னும். ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு முயலுக்கு மயிரை உதிர்க்கும். கொடுத்தாலும் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். பச்சை மரவள்ளி இலையில் சயனைட் உண்டு. அலரி, ஆமணக்கு, எருக்கலை பக்கத்திலும் போக விடக்கூடாது. 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட பார்த்தீனியம் என்ற நச்சுக் களை இன்று தெருவோரமெல்லாம் நிற்கிறது. புல் அரியும்போது கையோடு சேர்ந்து வந்துவிடும், பொறுக்கி எறியச் சொல்லுங்கள்.

கச்சான் (நிலக்கடலை) புண்ணாக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயம். கச்சான் விளைகிற மண் இது, புண்ணாக்கு மலிவு. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். காரணம் தீனில் கலந்த கச்சான் புண்ணாக்கு. இந்த நஞ்சைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த விலங்குகளில் முயலும் ஒன்று. வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் மறையும், நஞ்சு போகாது. மணம் மாறிய மூட்டையைக் கடைக்காரர்கள் "முயலுக்குத்தானே" என்று விலை குறைத்து விற்க வேண்டாம். தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் அப்படியே.

தீன் செய்கிறவர்களையும் விற்கிறவர்களையும் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன்படி யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அதிகாரிகள் பார்க்கட்டும். கடைக்காரர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. மருந்து கலந்த மூட்டை எதுவென்று பார்த்து, மார்க்கர் பேனையால் "முயலுக்குக் கூடாது" என்று தமிழில் எழுதி விடுங்கள்.

அமைப்புகளிடம் கேட்பது கொஞ்சம் கூட. முயல் தருவதற்கு முன் அந்த வீட்டில் காய்ந்த கொடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு போகம் பொறுத்துக் கொடுங்கள். குட்டிகளை நான்கு கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவராதீர்கள். முன்பு தின்ற தீனிலும் ஒரு பை தந்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து நாளில் மாற்றச் சொல்லுங்கள். பயிற்சிக்கு உங்கள் ஊர் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். பங்குனி சித்திரை வெயிலில் முயல் வாங்கியவர்களின் வீட்டுக்கு மறுபடி ஒருமுறை போய், கூட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிஞ்சிய ஒரு முயலிலிருந்து திரும்பவும் தொடங்கி, இன்று என்னிடம் முப்பதுக்கு மேல் நிற்கின்றன. பரணில் உழுத்தங்கொடி கட்டுக்கட்டாக இருக்கிறது. இந்தப் பக்கம் நீங்கள் அடுத்து முயல் கொடுக்கும் குடும்பங்களுக்கு முதல் இரண்டு கிழமைக்குத் தேவையான கொடியை நான் இலவசமாகத் தருகிறேன். வாகனம் மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
விசுவமடுவிலிருந்து ஒரு முயல் வளர்ப்பாளன்