மாத்திரை மட்டும் மலையேறுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநோய் மருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். எல்லாமே தூக்க மாத்திரைதான், ஒரு தடவை ஆரம்பித்தால் சாகும்வரை விடாது, மருந்துக்கடைக்காரர்களுக்குத்தான் கொள்ளை லாபம் என்று அந்த ஐயா எழுதியிருந்தார். நான் மருந்துக்கடைக்காரி. தேனி மாவட்டம் கூடலூரில், லோயர்கேம்ப் போகிற ரோட்டில், மாமனார் ஆரம்பித்த கடையை நடத்தி வருகிறேன். டி.பார்ம் படித்தவள். லாபக் கணக்கை அப்புறம் சொல்கிறேன், முதலில் மாத்திரைக் கணக்கு.

தூக்க மாத்திரை பற்றி அவர் சொன்னது சரிதான். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் எல்லாம் பழகிப்போகும். நாளாக ஆக அளவைக் கூட்டச் சொல்லும். பல நாள் சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் சுத்தமாகப் போய்விடும், சிலருக்கு வலிப்பே வரும். அதனால்தான் 2014 முதல் இவற்றை எச்1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எத்தனை கொடுத்தோம் என்று தனி நோட்டில் எழுதி, அதை 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடை சாத்தும் நேரத்தில் வந்து, "அக்கா, ரெண்டே ரெண்டு குடுங்க, கண்ணைக் கட்டுது, தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது" என்று கேட்கிறவர்களிடம் அந்த நோட்டைத்தான் சாக்குச் சொல்லி அனுப்புவேன்.

ஆனால் இல்லாத குரல்கள் காதில் கேட்கிற மனச்சிதைவு நோய்க்கு எழுதுகிற ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின், ஹாலோபெரிடால் எல்லாம் அந்த ரகம் இல்லை. இவற்றில் போதை கிடையாது, இன்னும் கொடு என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிடுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இதை எப்போது நிறுத்தலாம் என்பது ஒன்றுதான். தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹாலோபெரிடாலில் உடம்பு மரக்கட்டையாக இறுகும், கை ஆடும். அதற்காகவே ட்ரைஹெக்சிபெனிடில் சேர்த்து எழுதுவார்கள். ஓலன்சாபினில் பசி எடுத்துக்கொண்டே இருக்கும், எடை ஏறும், சர்க்கரையும் எட்டிப் பார்க்கும். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்டவே 2 முதல் 4 வாரம் ஆகும். நாலாம் நாளே வந்து, "ஒண்ணும் கேக்கல" என்று மீதி அட்டையை மேசையில் வைப்பவர்கள் உண்டு. இதையெல்லாம் டாக்டர் சொல்லியிருப்பார். கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது. அதனால் நாங்களும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எழுத வந்தது இதற்காக மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாத்திரை தின்று கெட்டவர்களைவிட மாத்திரை நின்றுபோய்க் கெட்டவர்கள்தான் அதிகம். அது நிற்கிற இடம் பெரும்பாலும் கேரள எல்லையில் இருக்கும் குமுளி மலைதான்.

எங்கள் ஊர், கம்பம், போடி பக்கத்து ஜனங்களுக்கு ஏலத்தோட்டம்தான் கூலி. ஆடி, ஆவணியில் காய் எடுக்க ஆரம்பித்தால் தை, மாசி வரை ஓடும். விடியுமுன்னே ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்கி வருகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை, ராத்திரி மாத்திரை வீட்டில் இருக்கும். சிக்கல் எல்லாம் வண்டன்மேடு, ஆனக்கரை, நெடுங்கண்டம் என்று மேலே போய் அங்கேயே தங்குகிறவர்களுக்கும், தலைமுறையாக வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களுக்கும்தான். வேலை அந்தப் பக்கம். அம்மா வீடு, ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இந்தப் பக்கம். பீர்மேடு வட்டத்தில் 2000க்குப் பிறகு பல தேயிலைத் தோட்டங்கள் மூடிக்கிடந்தன. தோட்டம் மூடினால் அதன் டிஸ்பென்சரியும் மூடும். லயத்தில் ஆள் மட்டும் இருப்பார்கள்.

எங்களிடம் வருகிற சீட்டுகளில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் எழுதியிருக்கும். மாதம் முடிந்தால் மலையிறங்கி, கம்பம், சின்னமனூர், தேனி எல்லாம் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். தனியாக அனுப்ப முடியாது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். ஆக இரண்டு பேர் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். அப்புறம் பாதி மாத்திரை. அப்புறம் அதுவும் இல்லை.

கடைக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். யாரென்று தெரியக்கூடாது என்பதால் ஊரும் வயதும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு மனச்சிதைவு. சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தன்னைப் பற்றி அசிங்கமாகப் பேசுவது அவளுக்குக் கேட்கும். மருந்து ஆரம்பித்து மூன்று, நாலு மாதத்தில் அந்தக் குரல்கள் அடங்கி, மற்ற பெண்களோடு சேர்ந்து காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். சீசன் மும்முரத்தில் மாத்திரை தீர்ந்துபோனது.

நிறுத்திய மறுநாளே நோய் திரும்பியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். இந்த நோய் அப்படி வருவதில்லை. முதல் இரண்டு வாரம் அவள் முன்பைவிடத் தெளிவாக இருந்தாளாம். காலையில் அசதி இல்லை, முகம் இறுக்கம் இல்லை, சிரித்துப் பேசுகிறாள். "பாத்தீங்களா, அந்த மாத்திரைதான் எம்மருமகளை மந்தமாக்கி வச்சிருந்துச்சு" என்று மாமியார் சொல்ல, அந்த அம்மாவை எப்படிக் குறை சொல்வது? கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார். அப்புறம் தூக்கம் குறைந்தது. அப்புறம் எல்லாரும் சாப்பிடுகிற பானையில் சாப்பிட மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சை நிறுத்தினாள். முழுதாக உடைந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மாத்திரை நின்ற விஷயம் யார் நினைவிலும் இல்லை. அதற்கு முந்தின வாரம் லயத்தில் ஒரு சாவு விழுந்தது, இவள் உச்சி வேளையில் அந்த வழியாக வந்தாள் என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சரி, பிறகு என்ன, மாந்திரீகம்தான். இங்கே இருப்பவர்கள் மலையாள மாந்திரீகம்தான் கெட்டி என்று மேலே போகிறார்கள். அங்கே இருப்பவர்களில் சிலர் தமிழ்நாட்டுக் கோடாங்கியைத் தேடிக் கீழே வருகிறார்கள். இந்த ஒரு ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் செக்போஸ்ட் கிடையாது. பேய் ஓட்டச் சோட்டானிக்கரைக் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறவர்களை நான் தடுப்பதில்லை, தடுத்தாலும் நிற்க மாட்டார்கள். ஏர்வாடி தர்காவில் அரசே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி செய்திருக்கிறது. அதனால், "போயிட்டு வாங்க மதினி, மாத்திரையையும் பையில வச்சுக்கோங்க" என்றுதான் சொல்வேன். கட்டிப்போட மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியவில்லை. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சொல்கிறது. சங்கிலிக்குப் பதில் கயிறு என்று சமாதானம் சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

மாத்திரை நிற்பது ஒரு பக்கம் என்றால், தெரியாத கடையில் தெரியாத மாத்திரை சேர்வது இன்னொரு பக்கம். லித்தியம் சாப்பிடும் ஜீப் டிரைவர் தம்பி ஒருவர். மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி, ஒரு சமயம் அடியோடு சோர்ந்துபோகிற இருமுனை நோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற பழைய, நல்ல மருந்து அது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் வினை. அதற்காகவே அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கிட்னி எல்லாம் பார்ப்பார்கள். பங்குனி வெயிலில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிக் கிடந்தவர், இடுப்பு வலிக்கென்று வேறெங்கோ டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார். வயிற்றுப்போக்கும் வலி மாத்திரையும், இரண்டுமே லித்தியத்தை உடம்பில் தங்கவைக்கும். இரண்டு நாளில் நாக்குக் குழறி, கால் தள்ளாடி, வாந்தி வேறு. பார்த்தவர்கள் எல்லாரும் குடித்திருக்கிறான் என்றே நினைத்தார்கள். அவருடைய அண்ணன் மட்டும் இவன் குடிப்பதே இல்லையே என்று சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னேன். இப்போது நன்றாக இருக்கிறார், ஜீப்பும் ஓட்டுகிறார். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து.

மறைப்பதைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. பெயர் தெரியக்கூடாது என்று அட்டையைக் கத்தரித்து, காலியான இரண்டு குமிழை மட்டும் கொண்டுவந்து "இதே மாதிரி" என்பார்கள். மாத்திரைப் பெயரும் மில்லிகிராமும் அட்டையின் மறுமுனையில் இருக்கும், அது வீட்டுக் குப்பையில் போயிருக்கும். வெள்ளையாக, சின்னதாக, வட்டமாக என் கடையில் எத்தனையோ மாத்திரை உண்டு. நான் எதைக் கொடுப்பது?

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் இருக்கிறது. அதே 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசுச் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. இது நாடு முழுமைக்கும் உள்ள சட்டம், கேரளத்துக்கு ஒன்று தமிழ்நாட்டுக்கு ஒன்று இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்காரர் மேலே உள்ள சுகாதார மையத்தில் போய்க் கேட்கலாம், லயத்தில் இருப்பவர் இங்கே வந்தும் கேட்கலாம். இது தெரிந்த தொழிலாளி ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. 2015-16இல் பெங்களூர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு, கேரளம் இரண்டும் இருந்தன. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை என்று அதில் வந்தது. சிகிச்சை கிடைத்த மிச்சப் பேரையாவது மலை ஏறும்போது தவறவிடாமல் இருக்கலாமே.

மாவட்ட மனநலத் திட்டம் தேனியிலும் இருக்கிறது, இடுக்கியிலும் இருக்கிறது. இரண்டு பக்கத்து அலுவலர்களும் ஒரு தடவை குமுளியில் உட்கார்ந்து பேசினாலே பாதி தீரும். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, டாக்டர் சரி என்றால், சீசனுக்குப் போகும்போது 2, 3 மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் அளவு மீறினால் விஷம்போல் ஆகக்கூடிய மருந்தோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால் அப்படி மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, கொடுத்தாலும் வீட்டில் ஒருவர் பூட்டி வைத்திருக்க வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கு ஊசி இருக்கிறது. ஃப்ளூபெனசின், ஹாலோபெரிடால் டெகனோயேட் ஊசிகள் 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும். க.விலக்கில் ஆரம்பித்ததை மேலே உள்ள சுகாதார மையத்திலோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ தொடர ஒரு கையெழுத்துக் காகிதம்தான் தேவை. தோட்டத்தில் மருத்துவ வசதி என்பது யாரும் செய்கிற தர்மமும் இல்லை, 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலம் முதலே சட்டத்தில் எழுதிவைத்த கடமை. அந்தக் காகிதத்தில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் தெளிவாக எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் புண்ணியம்.

இனி லாபக் கணக்கு. நான் மேலே சொன்ன மருந்துகளில் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், லித்தியம் போன்றவை விலைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. அப்படிப்பட்ட மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம். ஒரு அட்டை விற்றால் ஒரு டீ குடிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். நான் கேட்கிறபடி அரசு இலவசமாகக் கொடுத்தால் அந்த டீயும் போகும், போகட்டும். முகப்பூச்சும் சத்துப் பவுடரும் விற்றுக் கடையை ஓட்டிக்கொள்கிறேன்.

ஆடி பிறந்ததும் ஜீப்புகள் நிரம்ப ஆரம்பித்துவிடும். அதற்கு முன் இரண்டு மாவட்ட நிர்வாகமும் இதைக் கவனிக்கத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும். இடம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் கடிதத்தோடு கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் இலவச மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

என் பெயரையும் கடைப் பெயரையும் வெளியிட வேண்டாம். எனக்கு ஒன்றும் பயமில்லை, ஆனால் யார் யார் எங்கள் கடைக்கு வருகிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், நான் சொன்ன கதைகள் யாருடையவை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரி ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.