விடுமுறைக் கிழமையில் ஒரு பொருள், பத்து நிமிடம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வருகிற சனிக்கிழமை தமிழ் வகுப்பு இல்லை. அரைத்தவணை விடுமுறை என்பதால் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலக் காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். அன்று மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் தமிழில் கதைக்க வேண்டும். தலைப்பு: ‘லண்டன் மியூசியம் ஒன்றில் நான் பார்த்த ஒரு பொருள்’. எழுதிக்கொண்டு வந்து வாசிக்கக் கூடாது.

வீட்டுப்பாடம் பிள்ளைகளுக்கு, கூட்டிக்கொண்டு போக வேண்டியது நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

போன கிழமை வாசலில் ஒரு அம்மா கேட்டார்: “டீச்சர், நாலு பேர் போனால் டிக்கெட்டுக்கு எவ்வளவு முடியும்?” பத்து வருடமாக லண்டனில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைக் குதிக்க விடுவதற்குக்கூட மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பழகியவர்களுக்கு, அத்தனை பெரிய கட்டடத்துக்குள் சும்மா விடுவார்கள் என்று நம்புவது கஷ்டம்தான். ஆனால் சும்மாதான் விடுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம், டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி, தேம்ஸ் ஓரத்துப் பழைய மின்நிலையத்துக்குள் இருக்கும் டேட் மாடர்ன், சவுத் கென்சிங்டனில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மூன்று பெரிய மியூசியங்கள், வெஸ்ட் இந்தியா கீயில் 1802ஆம் ஆண்டுக் கிட்டங்கி ஒன்றுக்குள் இருக்கும் டாக்லண்ட்ஸ் மியூசியம், எதிலும் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. நன்கொடைப் பெட்டி இருக்கும். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, யாரும் முறைக்க மாட்டார்கள். பெரிய விளம்பரத்தோடு தனியாக வைக்கிற சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் பெரும்பாலும் டிக்கெட். அவசரத்தில் அந்த வரிசையில் போய் நின்றுவிட வேண்டாம்.

இந்த இலவசத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் மியூசியம் 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி, 1759 ஜனவரியில் திறந்தபோதே கட்டணம் இல்லை. ஆனால் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதிச்சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். கூலி வேலை செய்கிற ஆளுக்கு அது நடக்கிற காரியமா? 1974இல் அன்றைய அரசாங்கம் தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் போட்டது, மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தது. எண்பதுகளில் சவுத் கென்சிங்டன் பக்கம் மறுபடி காசு வாங்கத் தொடங்கினார்கள். பிறகு 1999இல் பிள்ளைகளுக்கு, அடுத்த வருடம் 60 வயது கடந்தவர்களுக்கு, 2001 டிசம்பரில் எல்லோருக்கும் என்று படிப்படியாக எடுத்தார்கள். அந்தக் காசு இப்போது அரசாங்கத்திடமிருந்து போகிறது, அதாவது கடையில் நின்றும் இரவு வேலைக்குப் போயும் நீங்கள் கட்டுகிற வரியிலிருந்து. ஆகவே ‘சும்மா’ என்று மேலே எழுதியதை அடித்துவிடுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஒரே ஒரு பொருள் என்று கேட்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் 28 பிள்ளைகளோடு பிரிட்டிஷ் மியூசியம் போனேன். இருபது கேள்விகளை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பிள்ளைகள் ஒன்றையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பில் விடையைத் தேடி எழுதிவிட்டு அடுத்த கூடத்துக்கு ஓட்டம். எகிப்திலிருந்து வந்த புகழ்பெற்ற ரொசெட்டா கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டே ஒரு பையன், “டீச்சர், ரொசெட்டா கல் எங்கே?” என்றான். பாதியைச் சனம் மறைத்தது, மீதியை என் தாள் மறைத்தது. அதோடு தாள் கொடுப்பதை விட்டேன்.

நேஷனல் கேலரியில் போர்க்காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மன் குண்டுகளுக்குப் பயந்து படங்களையெல்லாம் வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இங்கே சுவர் எல்லாம் வெறும் சுவர். 1942இலிருந்து மாதத்துக்கு ஒரு படம் என்று லண்டனுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்க வேலை இடைவேளையில் சனம் திரண்டு வந்தது. இன்று அவர்களிடம் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள் இருக்கின்றன. நாங்கள் அரை மணியில் எல்லாக் கூடத்தையும் நடந்து முடித்து, வான் கோவின் சூரியகாந்திக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, பசிக்கிறது என்று வெளியே வருகிறோம். அந்தப் போர்க்காலத்துச் சனம் பார்த்ததுபோல ஒரு தடவை பாருங்கள். ஒரு பொருள், பத்து நிமிடம். கால் நோகிறதென்றால் உட்கார்ந்து பாருங்கள்.

எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் கூடத்துக்குப் போங்கள். முன்வாசலில் கூட்டமாக இருந்தால் பின்பக்கம் மாண்டேகு பிளேஸ் வாசலால் போகலாம், கூடமும் அதற்குத்தான் கிட்ட. அங்கே சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். அவரைப் பிள்ளைகளுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது தாரா என்கிற பௌத்தப் பெண் தெய்வத்தை. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் வார்த்த, தங்கமுலாம் பூசிய வெண்கலச் சிலை. உயரம் 143 சென்டிமீட்டர், உங்கள் வீட்டுப் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் உயரம் வரும். உயர்ந்த கொண்டை, ஒடுங்கிய இடை, வரம் கொடுப்பதுபோல் தாழ்ந்த வலது கை. அரையில் கட்டிய சீலை மடிப்பு மடிப்பாகக் காலோடு ஒட்டிக் கிடக்கும். மேலுடம்பில் ஆடை இல்லை. அந்தக் காலத்து மியூசிய அதிகாரிகளுக்கு அது சங்கடமாகிப்போய், சுமார் முப்பது வருடம் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் உள்ளறையில் வைத்திருந்தார்கள்.

போன வருடம் எங்களோடு ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். தகப்பன் மட்டக்களப்பு. இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்தவர், உள்ளே நுழைந்ததிலிருந்து உட்கார இடம்தான் தேடிக்கொண்டிருந்தார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது என்று மகள் வாசித்துச் சொன்னதும் அவருக்கு நித்திரை கலைந்துவிட்டது. “இடையில் என்றால் எங்கே? வாகரையா, வெருகலா, மூதூர்ப் பக்கமா?” என்று என்னைக் கேட்கிறார். நான் யாழ்ப்பாணத்து ஆள், எனக்கு என்ன தெரியும்? முகத்தைப் பார்த்தால் கண்ணகி அம்மன் மாதிரி இருக்கிறது என்றார். முன்னர் இதைப் பத்தினித் தெய்வம் என்றே எண்ணியிருந்தார்கள் என்று நான் சொன்னதும் அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். பிறகு மகளுக்கு அந்தக் கரையோர வீதியைப் பற்றி, பாலம் இல்லாத காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாதைப் படகில் ஆற்றைக் கடந்ததைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். முழுக்கத் தமிழில். வகுப்பில் ஒரு முழு வசனம் பேச வைக்க நாங்கள் படாதபாடு படுகிற பிள்ளை, அன்று குறுக்குக் கேள்வியாகக் கேட்டாள். கடைசியில்: “அப்பா, அப்ப இது எப்பிடி இங்க வந்தது?”

1830இல் சேர் ரொபர்ட் பிரவுன்றிக் கொடுத்தது என்பதுதான் மியூசியம் சொல்லும் பதில். இலங்கையில் தேசாதிபதியாக இருந்தவர். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது அவர் காலத்தில்தான். “அவருக்கு யார் குடுத்தது?” என்றாள். தகப்பன் என்னைப் பார்த்தார், நான் தாராவைப் பார்த்தேன்.

உங்கள் பிள்ளையும் கேட்கும். கேட்டால் “களவெடுத்தது” என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டாம், “கவனமாகத்தானே வைத்திருக்கிறார்கள்” என்றும் முடிக்க வேண்டாம். அந்தக் கேள்வியையே வகுப்புக்குக் கொண்டுவரட்டும், இரண்டு நிமிடத்துக்கு அது போதும். 33ஆம் கூடத்தை ஒட்டி அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆந்திராவின் அமராவதியில் இருந்த அதே பௌத்தத் தூபியிலிருந்து எடுத்த கற்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னையில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அடுத்த பயணத்தில் அதையும் பார்க்கலாம். சவுத் கென்சிங்டன் மியூசியங்களில் ஒன்றான விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. 1799இல் அவருடைய தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் பிரித்தானியரிடம் விழுந்தபோது எடுத்தது. ஒரு வெள்ளைக்காரரை நிலத்தில் போட்டுக் கடித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஓர் ஆர்கன், பக்கத்தில் கைப்பிடி. சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவர் கையைத் தூக்கி முனகுவார். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதால் சுற்ற விடமாட்டார்கள். நாலாம் வகுப்புப் பையன்கள் பத்துப் பேர் இதைப் பற்றியே பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். பரவாயில்லை.

சொல் தெரியாமல் பிள்ளை நின்றால் எடுத்துக்கொடுங்கள்: முலாம், வார்ப்பு, கொண்டை, தூபி. உங்களுக்கும் வராவிட்டால் அம்மம்மாவுக்குப் போன் போடுங்கள். அருங்காட்சியகம் என்று சொன்னால் அவருக்குச் சில வேளை விளங்காது, ஊரில் நாங்கள் நூதனசாலை என்றுதான் சொன்னோம்.

11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் ட்யூபில் காசில்லை. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், வேலை முடித்து வருபவர்களுக்கு அது வசதி. சில நாள் சில கூடங்களை மூடிவிடுவார்கள், வெளிக்கிடுமுன் அவர்களின் இணையதளத்தைப் பாருங்கள். வாசலில் பை சோதிப்பார்கள், சூட்கேஸ் கொண்டுபோக வேண்டாம். உள்ளே சாப்பாடு விலை, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.

விடுமுறை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் மாண்டேகு பிளேஸ் வாசலில் நிற்பேன். தனியாகப் போகத் தயங்குபவர்கள் அங்கே வரலாம். பிள்ளையோடு ஒரு பெரியவர் கட்டாயம். வருவதாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, லண்டன்

பி.கு.: போன வருடம் மியூசிய வாசலில் யாரோ விட்டுவிட்டு வந்த நீலத் தண்ணீர்ப் போத்தல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மூடியில் டைனோசர் படம்.