விறகுக்குக் காசில்லாத சக்கரவர்த்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சாதவாகனர் கட்டுரையை ஆவலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். மேற்கிந்தியாவை ஆண்ட க்ஷத்ரபர் மன்னன் நகபானனை வென்று, அவனுடைய வெள்ளிக் காசுகளை உருக்காமல், அவற்றின் மேலேயே கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையைக் குத்தியது 'செலவை மிச்சம் பிடிக்க' என்ற வரி வந்ததும் இணைப்பை மடித்து வைத்துவிட்டேன். தக்காணத்தையே ஆண்டவனுக்கு விறகு வாங்க வழியில்லை, பாவம்!

தங்களுக்குத் தெரியாததல்ல. 1906இல் நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் கிடைத்த புதையலில் 13,000க்கும் மேற்பட்ட நகபானன் காசுகள் இருந்தன. ஏறத்தாழ 70 சதவீதத்தில் சாதகர்ணியின் முத்திரை விழுந்திருந்தது. அந்த வகைக் காசு ஒன்று என்னிடமும் உண்டு. இரண்டு கிராம் சொச்சம் எடை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், சாதகர்ணி குத்திய வளைவுக் குன்றுச் சின்னத்துக்கு அடியில் நகபானனின் மூக்கும் மோவாயும் இன்னும் துருத்திக்கொண்டிருக்கின்றன, நெற்றியைக் காணோம். மறுபக்கத்தில் நகபானனின் அம்புச் சின்னத்தின் மேல் சாதகர்ணியின் உஜ்ஜயினிச் சின்னம், அதாவது நான்கு முனையிலும் வட்டம் வைத்த சிலுவைக் குறி, ஏறி உட்கார்ந்திருக்கிறது. விறகு மிச்சம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தோற்றவன் முகத்தோடு அந்தக் காசு சந்தை சந்தையாகச் சுற்றியதே, அது கணக்கில் வராதா? நகபானனின் க்ஷகராத வம்சத்தைப் பூண்டோடு ஒழித்தவன் என்று நாசிக் குகைக் கல்வெட்டில் சாதகர்ணியின் தாய் கௌதமி பலஸ்ரீயின் பெயரால் பொறித்திருப்பதும் செலவுக் கணக்குதானோ? ஆட்சி மாறினால் முதலில் பெயர்ப்பலகையை மாற்றும் நாட்டில் இருந்துகொண்டு இதைக்கூட நான் விளக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். பகைவன் முகத்தைக் குத்தி அழித்த அதே வம்சத்தில், சாதகர்ணியின் மகன் புலுமாவி முதலானோர் பகைவனைப் போலவே வெள்ளியில் தங்கள் முகத்தைப் பொறித்தார்கள். மேற்குக்கரை வணிகர்கள் முகம் போட்ட வெள்ளிக்குப் பழகிவிட்டார்கள், வேறென்ன செய்வது? அந்தக் காசுகளின் ஒருபக்கம் பிராகிருதம், மறுபக்கம் நம் தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. தமிழ் இதழில் வந்த கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பின்னாளில் குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தர், மேற்கில் வேறொரு வம்சமாகத் தொடர்ந்த க்ஷத்ரபர்களை வென்றபோதும் அவர்கள் காசின் அளவையும் தலையையும் அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கக் குன்றை மட்டும் எடுத்துவிட்டுக் கருடனை உட்கார வைத்தார். அவருக்கும் விறகுப் பஞ்சம் போலிருக்கிறது.

சொல்லப்போனால் இது இன்று நேற்றுக் கதையல்ல. சென்ற ஆண்டு மலரில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக் காசைத் தலைகீழாக அச்சிட்டீர்கள். எழுதினேன். என் கடிதம் வரவில்லை. அந்த வாரம் கோலப்போட்டியைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன. கோலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஓர் அருங்காட்சியகத்தில் க்ஷத்ரபர் காசுகளைப் பசை போட்டு அட்டையில் ஒட்டி, 'பழைய வெள்ளி நாணயம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில்தான் அரசன் பெயரும் அப்பன் பெயரும் இருக்கும் என்றேன். 'முகம் தெரியுதுல்ல சார்' என்றார் ஊழியர். என் உறவினர்களோ, உருக்கினால் எவ்வளவு தேறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தங்கள் கட்டுரையாளருக்கும் உருக்கும் நினைப்புதான்.

திருத்தம் போடச் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை, இடமிருக்காது. இனிமேல் காசுப் படம் போட்டால் இரண்டு பக்கத்தையும் நேராகப் போட்டு, அடியில் எடையைக் குறிப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்