செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, திரைப்படச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆதலால் இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, நம்மிடையே நீண்ட விவாதத்தை எழுப்பிய ஒரு திரையிடலுக்கு ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன்.

ஆவணப்பட வரிசையில் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' படத்தைத் திரையிட்டோம். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நடிப்பைத் துறந்து ராப் பாடகராகப் போவதாக அமெரிக்க நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ் அறிவித்தார். அப்போது அவருடைய தங்கையின் கணவராக இருந்த கேஸி அஃப்லெக் அந்த மாற்றத்தைப் படமாக்கினார். 2009 பிப்ரவரியில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அடர்ந்த தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்த ஃபீனிக்ஸ், கேள்விகளுக்கு ஓரிரு சொற்களில் முனகிவிட்டு, மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து மேசைக்கு அடியில் ஒட்டினார். அரங்கம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. 2010 செப்டம்பரில் படம் திரைக்கு வந்த சில நாட்களிலேயே, அத்தனையும் நடிப்பு என்று அஃப்லெக் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் ஒப்புக்கொண்டார்.

இவ்வுண்மையை முன்கூட்டிச் சொல்லாமல் திரையிடுவது என்ற முடிவு என்னுடையது. படம் முடிந்து நான் அதைச் சொன்னபோது உறுப்பினர் பலர் மனம் வருந்தினர். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, கண்ணெதிரே ஒரு மனிதன் சீரழிவதைப் பார்த்துப் பதறியது தம் பிழையா என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன், அது பிழையே அன்று. இரண்டாண்டுக் காலம், ஊரார் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு, பொதுவெளியில் வேடத்தைக் கலைக்காத ஒரு பெருங்கலைஞனின் உழைப்பு உண்டாக்கிய பதற்றம் அது.

பிழை வேறிடத்தில், படத்தின் முடிவில் நாம் நடந்துகொண்ட விதத்தில் நிகழ்ந்தது. பனாமாவில் சிறுவன் ஃபீனிக்ஸ் அருவியில் குதிப்பதாகக் காட்டப்படும் மங்கலான குடும்பக் காணொளி, உண்மையில் ஹவாயில் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டு, பழைய வீடியோ கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்து மங்க வைக்கப்பட்டது. ஃபீனிக்ஸின் தந்தையாக வருபவர் அஃப்லெக்கின் தந்தை. படத்தை எழுதியவர்கள் என்று ஃபீனிக்ஸ், அஃப்லெக் இருவர் பெயரும் போடப்பட்டிருக்கிறது. தந்தையாக நடித்தவரின் பெயரும் இறுதிப் பெயர்ப்பட்டியலில் வருகிறது. படம் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும் இடம் அதுதான். நாமோ, பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே வழக்கம்போல் விளக்குகளைப் போட்டு நாற்காலிகளை நகர்த்தத் தொடங்கிவிட்டோம். பார்வையாளர் தாமே கண்டறிந்திருக்க வேண்டியதை நான் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி ஆயிற்று. அதற்காக உறுப்பினர்களிடம் மனமார வருத்தம் தெரிவிக்கிறேன்.

எனவே, வரும் ஆண்டு முதல் கடைசிப் பெயர் திரையிலிருந்து மறையும்வரை அரங்க விளக்குகளைப் போடுவதில்லை என்றும், இப்படத்தை அவ்வாறே மீண்டும் ஒருமுறை திரையிடுவது என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது. இத்தீர்மானத்துக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்