அந்தக் கடைசிப் பேருந்தின் ஓட்டுநருக்கு

ஐயா, இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

போன வாரம், பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்திருந்தது. அந்த மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது. அடியிலுள்ள சாலைதான் தெரியும். வெறும் ஈரம் என்று நினைத்துக் கால் வைத்தேன். விழுந்த வேகத்தில் மணிக்கட்டு சுளீரென்றது. கைப்பேசியில் 40 சதவீதம் சார்ஜ் இருந்தும் அணைந்துவிட்டது. கடுங்குளிரில் பேட்டரி இப்படிக் கைவிடுமாம். ஜன்னல்களில் எல்லாம் வெளிச்சம், தெருவில் ஒருவரும் இல்லை. பெருநகரத்துக் குளிர்கால இரவு அப்படித்தான், எல்லோரும் கதவுக்கு உள்ளே.

நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி நீங்கள் இறங்கி வந்தீர்கள். நான் கூப்பிடக்கூட இல்லை. "பாதத்தை முழுசாப் பதிச்சு, சின்னச் சின்ன அடியா வைங்க" என்று கைத்தாங்கலாக நடத்தி, ஹீட்டர் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தீர்கள். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்கச் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கு உயிர் வந்தது, வீட்டுக்குப் பேசினேன். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றச் சொன்னீர்களே, அது எனக்குத் தோன்றியே இருக்காது. மருத்துவமனையில் செவிலியர் முதலில் சொன்னதே, "நல்லவேளை, மோதிரம் இல்லை" என்றுதான். எலும்பில் விரிசல் இருந்தது.

நான் இறங்கி வாசல் கதவைத் திறக்கும்வரை பேருந்து நகரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டேன். மிக்க நன்றி ஐயா. கட்டுப் போட்ட கையோடு அதே வழியில்தான் போய்வருகிறேன்; பேருந்து வரும்போதெல்லாம் ஓட்டுநர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.