‘தப்பு’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

ஊட்டியில் பத்து நாள் நடந்த ‘தோட்டம்’ கோட்டோவியக் கண்காட்சி போன ஞாயிறோடு முடிந்தது. படங்களைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்லா இருக்கு என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல், ‘இது தப்பு’ என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு.

முதலில், தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அண்ணனுக்கு. வாசலிலேயே மேக்ஐவர் படம் வைத்திருந்தேன். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து, 1848இல் தொடங்கி, மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த சரிவைப் பூங்காவாக்கியவர். அதற்கும் முன்னால் இங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்துப் பார்த்தார்கள். அந்தச் சந்தாக் கணக்கையும் ஒரு படமாக்கியிருந்தேன். அண்ணன் இரண்டையும் தாண்டிப்போய், புல்தரையில் களை எடுக்கும் பெண்ணின் முன்னால் நின்றார். “முட்டி போட்டு உட்கார்ந்தா ஒரு மணி நேரம் தாங்காதுங்க. ஈரம் ஏறிடும்.” சொன்னதோடு விடவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது முழங்கையை முட்டிமேல் ஊன்றி, வலது கையால் பிடுங்கிப் பிடுங்கி, வாத்து மாதிரி நகர்ந்து காட்டினார். அன்று ராத்திரியே வேறு படம் வரைந்தேன். தப்பான படத்தையும் பக்கத்திலேயே தொங்கவிட்டேன்.

பூங்காவுக்கு மேலே, தோடர் பழங்குடிகளின் குடியிருப்பான மந்திலிருந்து வந்த அம்மாக்கள் இருவருக்கு. நான் போட்டிருந்தது சமவெளி எருமைக் கொம்பு. பேசாமல் காற்றில் விரலால் வளைத்துக் காட்டினார்கள். பிறகு, பூங்கா வரைபடத்தின் ஓரத்தில் நான் சின்னதாக வைத்திருந்த மந்துக் குடியிருப்பைத் தொட்டு, “இதுதான் முதல்ல இருந்துச்சு. பூங்கா அப்புறம்” என்றார் மூத்தவர். வரைபடத்தை மந்திலிருந்து தொடங்கித் திரும்பப் போட்டேன்.

கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த பெரியவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். “தோட்டம்னு போர்டு பார்த்து வந்தேன் தம்பி. நம்ம தோட்டம் ஒண்ணையும் காணோமே?” கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்த்த நடுவட்டம் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்ட சீனக் கைதிகள் வரை வரைந்தவனுக்குத் தேயிலைத் தோட்டம் தோன்றவில்லை. பூந்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே சொல் என்பது தலைப்பு வைக்கும்போதுகூட உறைக்கவில்லை, போங்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அவருடைய அம்மா முந்தானையில் போஞ்சி விதை முடிந்து வைத்திருந்தாராம். இங்கே வந்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ஒரு பாய் அகல மண்ணில் அதை ஊன்றி, பக்கத்தில் ஒரு டேலியாப் பூச்செடியும் வைத்தாராம். பீன்ஸை அவர் இன்னும் போஞ்சி என்றே சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். சட்டம் போட நேரமில்லை, கிளிப்பில் மாட்டினேன். விலை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தப் படம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துத் தந்த நூலக ஊழியர்களுக்கும், பாதிப் பணத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த குன்னூர் அண்ணாச்சிக்கும், கரண்ட் போன மாலையில் செல்போன் வெளிச்சத்தில் படம் காட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஈரத்தில் காகிதம் அப்பளமாய் நெளிந்தபோது வீட்டிலிருந்து ஹீட்டரைத் தூக்கி வந்த அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பேனரில் ‘தேட்டம்’ என்று அச்சடித்துத் தந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அதுவும் நல்ல சொல்தான். துணைக்கால் ஒட்டித் திருத்திய தம்பிக்கு நன்றி.

மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசி நாள் மழையில் விட்டுப் போனவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.