கிருஷ்ணம்மாள் வாங்கித் தந்த நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவரது எளிமையையும், 2008-இல் கணவர் ஜெகந்நாதனுடன் பெற்ற, ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதையும், 2020-இல் வழங்கப்பட்ட பத்மபூஷணையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. நிலமற்றவர்களுக்கு அவர் எந்த வழியில் நிலம் பெற்றுத் தந்தார் என்பது ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. எனக்கோ அதுவே அவரது வாழ்நாள் பணியின் சாரமாகப் படுகிறது.

1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட பின், காந்திய வழிச் சர்வோதய ஊழியர்களான இத்தம்பதியர் கீழத்தஞ்சைக்கே வந்து பணியாற்றத் தொடங்கினர். நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் அவர்கள். ஆனால் தானமாக வந்த நிலங்களில் தரிசும் வில்லங்கமும் நிறைய இருந்தன. 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி (LAFTI – உழுபவர் விடுதலைக்கான நிலம்) அமைப்பு, நிலவுடைமையாளர்களிடம் விலை பேசி, வங்கிக் கடனும் அரசு உதவியும் திரட்டி, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் தலித் பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிந்து கொடுத்தது. இப்படிக் கைமாறிய நிலம் 13,000 ஏக்கரை எட்டியதாகச் சொல்லப்படுகிறது. ஏன் பெண்கள் பெயரில் என்பதை டெல்டா வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சாராயக் கடைக்கு அடகுபோன நிலங்களை அவர்கள் அறிவார்கள்.

கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்த நிலங்களின் கதையோடு சேர்ந்ததே. பண்ணைகளின் உப்புநீரால் உவர் ஏறிய மண்ணுக்குப் பட்டா இருந்து என்ன பயன்?

பேரிடர் நிவாரணத்தைப் பேசும்போதும் இதை நினைக்கவேண்டும். புயலிலோ வெள்ளத்திலோ நெற்பயிர் அழிந்தால், இழப்பீடு சாகுபடிக்கான ஆவணம் வைத்திருப்பவருக்கே போய்ச் சேருகிறது. அதே வயலில் நாற்று நட்ட கூலித் தொழிலாளிக்கு வேலை பறிபோவதோடு, பயிர் இழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் இருப்பதில்லை. அரிசியும் போர்வையும் வழங்குவது அவசியம்தான். எனினும், ஒரு பெண்ணின் பெயரில் பதிந்த ஓர் ஏக்கர், அடுத்த புயலின்போது அவரை இழப்பீடு கோரும் இடத்தில் நிறுத்துகிறது.

அந்த நிலங்கள் இன்று யார் பெயரில் உள்ளன, வாரிசுகளுக்குப் பட்டா மாறியிருக்கிறதா, சாகுபடி நடக்கிறதா என்பதைத் தங்கள் நாளிதழ் நாகை, திருவாரூர் கிராமங்களுக்கு நிருபர்களை அனுப்பி விரிவாக வெளியிடவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்.